உன்னைக் கேட்காமல் நேர்ந்த காவடி

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய். நேரில் சொல்லலாம் என்றால், திருவிழாவுக்கு நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காவடியும் கையில் இருக்கும். தோட்டமே கூடி நிற்கிற இடத்தில் நான் எதைச் சொல்வது, நீ எதைக் கேட்பது. அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு உன் அப்பா ஹட்டனுக்குப் போகிறார். அப்படியே கொட்டகலையில் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து இதை உன் கையில் கொடுப்பார். அவரிடம் எதுவும் கேட்காதே. "ஒங்கம்மா எழுதியிருக்கா, படி" என்பார், ஒரு டீ குடிப்பார், திரும்பி பஸ் ஏறிவிடுவார். கல்யாணம் பேசி முடித்த பிள்ளைக்கு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. பயம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும்.

போன கிழமை உன்னோடு படிப்பிக்கிற மாஸ்டர் ஒருவர் அப்பாவின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் நீ காவடியைத் தோளில் வைத்து ஆடிப் பழகுகிறாய். பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டுகிறார்கள். விளையாட்டு மாஸ்டர் ஆடினால் எந்தப் பிள்ளைதான் கைதட்டாது. அப்பா பெருமையோடு கொண்டுவந்து காட்டினார். முதல் தடவை உன் முகத்தைத்தான் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் தடவை உன் காலைப் பார்த்தேன். ஒரு பக்கம் சுழலும்போது நன்றாகத்தான் சுழல்கிறாய். மறுபக்கம் திரும்பும்போது வலது காலை ஊன்றிச் சுழலாமல், சின்னதாக ஒரு எட்டு வைத்து, பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொள்கிறாய். கைதட்டுகிறவர்களுக்கு அது தெரியாது. உனக்கே தெரியுமோ என்னவோ. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போகும் குழந்தைகளோடுதான் என் காலமெல்லாம் போயிருக்கிறது. காலில் முள் ஏறிய குழந்தை அழுவதற்கு முன்னாலேயே அதை நடையில் காட்டிவிடும். நீ அப்படித்தான் ஆடுகிறாய். அப்பாவிடம் சொன்னேன். "ஒனக்கு எதப் பாத்தாலும் பயந்தான். நல்லாத்தானே ஆடுறான்" என்றார். பிறகு வெளியே போய் நின்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து போனைச் சார்ஜில் போட்டார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்றுகூட அவர் சொல்லவில்லை.

அந்த வலி எப்படி ஆரம்பித்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் மாஸ்டர்மாருக்கும் பெரிய வகுப்புப் பையன்களுக்கும் பந்து விளையாட்டு. நீ காலை ஊன்றித் திரும்பிப் பந்தை உதைத்தபோது தொடை இடுக்கில் என்னவோ பட்டென்றது என்றாய். தசை பிடித்திருக்கும் என்று எண்ணெய் தேய்த்தோம். குடலிறக்கமாக இருக்கும் என்று ஒருத்தர் சொன்னார், வாயு என்று ஒருத்தர் சொன்னார். ஹட்டனில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. படத்தில் ஒன்றுமில்லை என்றால் உடம்பிலும் ஒன்றுமில்லை என்று நாங்களெல்லாம் முடிவுகட்டிவிட்டோம். ஆனால் நீ மஸ்கெலியா பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். கதிரையின் நுனியில் உட்காருவாய். எழுந்திருக்கும்போது இடுப்புக்குள் 'க்ளக்' என்று சத்தம் கேட்கும், அதை நான் கேட்கக்கூடாது என்று இருமுவாய். கடைசியில் கொழும்புக்குப் போய் ஸ்கேன் எடுத்த பிறகுதான் மூட்டுக்குள்ளே கிழிசல் இருப்பது தெரிந்தது.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும். நல்லவேளை, நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று அங்கே நர்ஸாக இருந்து தமிழில் எடுத்துச் சொன்னது. "தொடை எலும்போட தலை பந்து மாதிரி, இடுப்புக் கிண்ணத்துக்குள்ள சுத்துதும்மா. அந்தக் கிண்ணத்து விளிம்புல ரப்பர் வளையம் மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கு. அதுதான் கிழிஞ்சிருக்கு." ஃபாக்டரியில் வாஷர் மாற்றி மாற்றியே பழகிய உன் அப்பா, "அப்ப அத மாத்திடலாம்ல?" என்று கேட்டார். மாற்ற முடியாது, சின்னத் துளை போட்டு உள்ளே போய்த் தைக்கலாம் என்றார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், வலி போய்விடுமா என்று. அந்தப் பிள்ளை அதை டொக்டரிடம் கேட்டது. டொக்டர் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொன்னது. "பெரும்பாலானவங்களுக்கு நல்லாக் குறையும்னு சொல்றாரும்மா. திரும்பி வெளையாடப் போனவங்களும் இருக்காங்களாம். ஆனா எல்லாருக்கும் அப்படி இல்லையாம். சில பேருக்கு வலி மிச்சமிருக்கும். சில பேருக்குக் கொஞ்ச வருஷத்துல மறுபடி வரும். உள்ள எலும்பு மேல இருக்கிற வழுவழுப்பு தேஞ்சு போயிருந்தா, பின்னால ஒரு காலத்துல மூட்டையே மாத்த வேண்டி வரலாமாம். எவ்வளவு தேஞ்சிருக்குன்னு உள்ள போய்ப் பாத்தாத்தான் சரியாத் தெரியுமாம்." நீ பெரும்பாலானவர்களைப் பிடித்துக்கொண்டாய். எப்போது ஓடலாம் என்று கேட்டாய். நான் அந்தச் சில பேரைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் விடவில்லை.

ஒப்பரேஷன் அன்றைக்கு உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், கதவு மூடியது. அப்பா டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர் திரும்பி வரவேயில்லை, கீழே ரோட்டில் நின்றுகொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு எதிரே சத்தமில்லாமல் ஒரு டிவி ஓடியது. அங்கே இருந்த ஏசிக் குளிர் நம் ஊர்க் குளிர் மாதிரி இல்லை, எலும்புக்குள் போகிற குளிர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அப்போதுதான் நம் அம்மனைக் கும்பிட்டேன். தாயே, என் பிள்ளை காலைச் சரியாக்கிக் கொடு, உன் திருவிழாவுக்கு ஆற்றிலிருந்து கோயில் வரைக்கும் அவன் காவடி எடுத்து ஆடி வருவான் என்று நேர்ந்துகொண்டேன். யோசித்துச் சொல்லவில்லை. நம் ஆட்களுக்குப் பயம் வந்தால் வாயில் வருவது அதுதானே. ஆற்றிலிருந்து கோயில் வரைக்கும் முழுக்க ஏற்றம், பாதிக்கு மேல் படிக்கட்டு என்றுகூட அப்போது தோன்றவில்லை. உள்ளே இடுப்பைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே வெளியே உட்கார்ந்து அந்த இடுப்பை ஆடவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த அம்மா உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டொக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். அதைக் கேட்டதுமே உன் அப்பா சொந்தக்காரர்களுக்குப் போன் போடப் போய்விட்டார். மீதியைக் கேட்டவள் நான்தான். கிழிசலைத் தைத்தாயிற்று, துருத்திக்கொண்டிருந்த எலும்பைச் செதுக்கியாயிற்று, ஆனால் உள்ளே ஒரு பக்கம் கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது. "தையல் நிக்கும்னு சொல்றாரும்மா. தேஞ்சது மட்டும் திரும்ப வளராதாம். பாத்துப் பொழங்கணும்" என்று அந்த நர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. நீ மயக்கம் தெளிந்ததும் உனக்குச் சொன்னேன், "தெரியும்மா" என்றாய். வீட்டுக்கு வந்து சொன்னேன், "தெரியும்மா" என்றாய். உனக்குத் தெரிந்திருக்கிறது, தம்பி. ஆனால் பயம் இல்லாமல் தெரிந்திருக்கிறது. உனக்கு வர வேண்டிய பயமும் சேர்ந்து எனக்கே வந்துவிட்டது.

நீ பட்ட பாட்டைக் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் கினிகத்தேனை வளைவுகளில் வேன் திரும்பும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாய். லயத்துப் படிகளில் உன்னை ஏற்ற நாலு பேர் வந்தார்கள், அந்த ஒரே வரிசையில் இருக்கிற எட்டு வீட்டு ஆட்களும் வாசலில் நின்று யோசனை சொன்னார்கள். குந்தி உட்காரக் கூடாது என்று டொக்டர் சொன்னதால் அப்பா பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டிக் கக்கூஸில் கொண்டுபோய்ப் போட்டார். "மகாராஜா வர்றாரு, வழி விடுங்க" என்று தினமும் கத்தி உன்னைச் சிரிக்க வைப்பார், சிரித்தால் உனக்கு வலிக்கும். கதவுப் பிடியில் ரப்பர் பட்டியைக் கட்டி நீ கால் இழுத்துப் பழகிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு ஊன்றுகோல் ஒன்றானது, ஒன்றும் போய்ச் சுவரைப் பிடித்தாய், சுவரையும் விட்டாய். பிறகு ஒரு தடவை காட்டப் போனபோது நேராக ஓடலாம் என்றார் டொக்டர். ஆனால் பாரத்தோடு காலை ஊன்றித் திருகுவது, ஆழக் குந்துவது, இதற்கெல்லாம் தன்னைக் கேட்டுவிட்டுத்தான் என்றார். நீ கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். காவடி ஆடலாமா என்று சிங்கள டொக்டரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டிருப்பாய். கதிர்காமத்தில் அவர்களும்தான் காவடி எடுக்கிறார்கள். உன்னைவிட நன்றாக அவருக்கு அது தெரிந்திருக்கும்.

நீ சுவரை விட்டு நடந்த அன்றைக்குச் சந்தோஷத்தில் நேர்த்திக்கடனை உன்னிடம் சொல்லிவிட்டேன். வாயை அடக்கியிருக்கலாம். "அவ்வளவுதானேம்மா, ஆடிட்டாப் போச்சு" என்றாய். அப்போது அதைக் கேட்க எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அம்மன் கடனுக்காக மட்டும் நீ ஆடவில்லை என்று தோன்றுகிறது. ராகலையிலிருந்து பெண் வீட்டார் திருவிழாவுக்கு வருகிறார்கள். "மாப்பிள்ளைக்கு இடுப்புல ஒப்பரேஷனாமே" என்று யாரோ அங்கே இழுத்துப் பேசியது உன் காதுக்கும் வந்திருக்கும், என் காதுக்கும் வந்தது. அவர்கள் கண் முன்னால் ஏற்றமெல்லாம் ஆடிக் காட்டிவிட்டால் அந்தப் பேச்சு அடங்கும் என்று நினைக்கிறாய். ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்து ஒருத்தி உன்னை நம்ப வேண்டுமா, தம்பி? அந்தப் பிள்ளையிடம் நீயே சொல். கிழிந்தது, தைத்தது, தேய்ந்தது எல்லாவற்றையும் சொல். பிற்காலத்தில் என்ன ஆகலாம் என்பதையும் சொல். நாளைக்கு உன் காலைப் பார்த்துப் பயப்படப் போகிறவள் அவள்தான், எதற்குப் பயப்படுகிறோம் என்றாவது தெரிந்து பயப்படட்டும். கல்யாணத்தன்று சம்மணம் போட்டு உட்காருவது கஷ்டமென்றால் மணவறையில் கதிரை போட்டுவிடலாம். "கவர்னர் மாதிரி ஒக்கார வச்சுருவோம், யாரு என்ன சொல்றது" என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார்.

நான் உன்னைக் கேட்காமல் நேர்ந்தது இது முதல் தடவை இல்லை. சின்ன வயசில் உனக்கு அம்மை போட்டபோது உன் முடியை நேர்ந்தேன். பள்ளிக்கூட வேலை கிடைக்க வேண்டும் என்று, மீசை வைத்த பிள்ளையை மறுபடி மொட்டை போடவைத்தேன். பேசாமல் வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தாய். பிள்ளை உடம்பு அம்மாவுடையது என்று நினைத்தே நாங்கள் நேர்ந்துகொள்கிறோம், எங்களுக்கும் யாரும் வேறு மாதிரிச் சொல்லித் தரவில்லை. முடி என்றால் பரவாயில்லை, அது வளர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் உன் குருத்தெலும்பையும் நேர்ந்துவிட்டேன்.

அந்த வீடியோ வந்த நாளிலிருந்து எனக்கு இரண்டு பக்கமும் பயம். நீ ஆடினால் தையல் விட்டுவிடுமோ, தேய்ந்தது இன்னும் தேயுமோ என்று பயம். ஆடாவிட்டால் அம்மன் கோபித்துக்கொண்டு, கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிடுவாளோ என்று பயம். பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தைக்குப் பால் கரைத்துவிட்டு வேறு குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன், அப்படி இருந்தது என் புத்தி. தாங்க முடியாமல் பூசாரியைத் தேடிப் போனேன். தேயிலை மலைக்கு மருந்தடித்துவிட்டு வந்து, குழாய்த் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பூசாரி, தம்பி காவடி ஆடலன்னா அம்மன் கோவிச்சுக்குமாங்க?" என்று கேட்டேன்.

"யாரு நேந்தது?"

"நாந்தாங்க."

"தம்பிகிட்டக் கேட்டீங்களா?"

"அவன் மயக்கத்துல இருந்தான்."

அவர் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "அப்ப அது எப்படிங்க தம்பி கடனாகும்? நீங்க நேந்தீங்க, நீங்க எடுங்க" என்றார்.

"இந்த வயசுல நான் எங்கங்க ஆடுறது?"

"ஆடச் சொல்லி நான் சொல்லலியே. தூக்கிக்கிட்டு நடந்து வாங்க. ஆட வைக்கணும்னா அவ ஆட வச்சுக்கிடுவா."

அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. இத்தனை நாளும் உன் தோளில் இருந்ததை இறக்கி என் தோளில் வைத்ததில் எனக்குப் பாரம் குறைந்தது, அதுதான் ஆச்சரியம். காவடிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "நீ ஆடுனா நான் தப்படிக்கிறேன்" என்றார். அவர் தப்பு மேளத்தைத் தொட்டதே கிடையாது. நீ வேட்டி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வா, அது போதும். படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஏறு, யார் பார்த்தாலும் பிடித்து ஏறு. நான் மூச்சு வாங்கினால் காவடியை வாங்கிக்கொள்ள ஓடி வராதே. வாங்கிக்கொள்ள அப்பா இருக்கிறார்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமான விஷயம். நான் காவடி எடுத்து, நீ டொக்டர் சொன்னதையெல்லாம் கேட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்த பிறகும் அந்த வலி திரும்பி வரலாம். அடுத்த வருஷமும் வரலாம், உன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் வரலாம். வராமலே போகலாம், அதற்குத்தான் அதிக வாய்ப்பு என்றுதானே டொக்டர் சொன்னார். ஆனால் வந்தால், காவடி ஆடாததால்தான் வந்தது, அம்மன் கடன் சரியாகத் தீராததால்தான் வந்தது என்று ஒரு நினைப்பு உனக்குள் நுழையக் கூடாது. சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு மூளை கலங்கினால் நானே சொல்வேன். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து என்னிடமே படித்துக் காட்டு. அது தேய்மானம், தெய்வக் குற்றம் இல்லை. வலி வந்த அன்றைக்கே டொக்டரிடம் போ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதே, இருமிச் சத்தத்தை மறைக்காதே. அந்த வீடியோவில் ஏன் இடது காலுக்கு மாறினாய் என்பதையும் இந்தக் கிழமையே போய்க் கேட்டுவிட்டு வா. இதையெல்லாம் முழு நம்பிக்கையோடு எழுதுகிறேன் என்று நினைக்காதே. பாதி மனசு இன்னும் அம்மனுக்குப் பயந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பாதியை நீ வாங்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். கடனை நானே செலுத்துகிறேன், அவனைக் கேட்காதே என்று அம்மனிடம் சொன்னேன். திரி எரிந்துகொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை. சொல்லி முடித்த பிறகும் கைகூப்பி நின்றுகொண்டே இருந்தேன். என்னை அறியாமலே வாய் ஆரம்பித்துவிட்டது. "வலி மட்டும் திரும்பி வராம இருந்தா தாயே, என் பிள்ளை..." என்று அதுவரைக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். உனக்காக ஒன்றைக் கேட்காமல், எதையும் கொடுக்கிறேன் என்று சொல்லாமல் நான் அந்த வாசலைத் தாண்டியதே கிடையாது. நேற்றுத் தாண்டினேன். வீடு வந்து சேரும்வரைக்கும் முந்தானையை வாயை விட்டு எடுக்கவில்லை.

அம்மா